ஒரு சொல்லுக்கு இரண்டு ஊர்

"என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் நோயாளியிடம் எடுத்த எடுப்பில் கேட்கிற கேள்வி அது. உடம்புக்கு என்ன என்றுதான் அர்த்தம். மருந்து மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் பக்கத்தில் கணவர் நின்றார். நோய் கணவருக்குத்தான். ஆனாலும் அவர் வாய் திறக்கவில்லை.

"எது என்ன செய்யுதுங்க? அதுக்கு உங்க ஊர்ல என்ன அர்த்தம்?" என்றார் அந்த அம்மா.

சொன்னேன். கேட்டுக்கொண்டு, மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் பதில் சொன்னார். கணவருக்கு வலது கண் கூசுகிறது, இடது கண் ஏற்கெனவே போய்விட்டது, இருக்கிற ஒன்றையாவது காப்பாற்ற மருந்து வேண்டும். சொட்டு மருந்து கலக்கி வைப்பதாகச் சொல்லி, மறுநாள் ஆறுதலாக வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஆறுதலா? யாரு செத்துப்போனாங்க?" என்று கேட்டார். எங்கள் ஊரில் ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல் என்று விளக்கினேன். வரிசையில் இன்னும் பதினைந்து பேர் நின்றார்கள். எனக்குப் பொறுமை குறைவு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையே அதனால் வந்ததுதான்.

இது நடந்தது கோலசிலாங்கூருக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில், இருபதுகளின் நடுவில். நான் அங்கே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸராகப் போன முதல் வாரம். பெரிய டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் தோட்டத்துக்கு நான்தான் டாக்டர். அந்த அம்மாவின் கணவர் ரப்பர் பால் தகடுகளைப் புகை போடும் கொட்டகையில் மண்டோர், அதாவது மேற்பார்வைக்காரர். தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து வந்தவர்கள். அம்மாவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. தோட்டத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்ததும் இல்லை. எல்லோருக்கும் அவர் அர்த்தம்மா.

பெயர் சும்மா வரவில்லை. எந்தச் சொல் புதிதாகக் காதில் விழுந்தாலும் அதை வழியிலேயே நிறுத்தி விசாரிக்காமல் விடமாட்டார். தோட்டத்து ஆபீசில் தலைமை எழுத்தரான பெரிய கிராணியின் மனைவி எங்கள் ஊர்க்காரி. ஒரு நாள் அந்த அம்மாள் அர்த்தம்மாவிடம், "நீர் பிந்தி வந்தால் கிராணியார் பேசுவார்" என்று சொல்லியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் திட்டுவது. அர்த்தம்மா விடவில்லை. "பேசுனா நல்லதுதானே, என்ன பேசுவாரு?" என்று நின்று, திட்டுவதுதான் என்று தெரிந்த பிறகு, "அப்ப உங்க ஊர்ல சாதாரணமாப் பேசுறதுக்கு என்ன சொல்லுவீங்க?" என்று அடுத்ததையும் கேட்டாராம். கதைப்பது என்று பதில் வந்தது. "கதைவிடுறதா?" என்று அதற்கும் ஒரு கேள்வி. லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற மீனவ ஊரான பாசிர் பெனம்பாங் போகிற படகில் அவரும் நானும் சேர்ந்து போக நேர்ந்தது. அவர் கருவாடு வாங்கப் போனார், நான் சும்மா காற்று வாங்கப் போனேன். படகுக்கார மலாய்க்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு துடுப்புப் போட்டார். என்ன என்று கேட்டதற்கு, வீட்டில் மனைவி 'சாக்கிட் ஹாத்தி' என்றார். அம்மாவுக்கு மலாய் நன்றாகவே வரும். ஆனாலும் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சாக்கிட் என்றால் சீக்கு, ஹாத்தி என்றால் மனசு, அப்படியானால் உன் பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லையா, இல்லை மனது சரியில்லையா என்று மலாயில் குடைந்தெடுத்தார். மனதுதான், என் மேல் கோபம் என்று படகுக்காரர் சொல்லி முடிப்பதற்குள் அக்கரையே வந்துவிட்டது. இறங்கும்போது அம்மா என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"நல்லவேளை, நான் கேட்டேன். இல்லேன்னா அந்தப் பொம்பளைக்கு நீங்க மருந்து குடுத்திருப்பீங்க."

அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்புதான் இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன்.

அவர் அதை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, கணவருக்கு மருந்து விடுவதற்காகக் காத்திருந்தபோது சொன்னார். எட்டு வருடம் தோட்டத்தில் உழைத்த பிறகு இருவருக்கும் ஊருக்குப் போய்வர ஆறு மாத லீவு கிடைத்திருக்கிறது. கூடவே தோட்டத்தில் பிறந்த ஐந்து வயது மகள். கணவர் கப்பலேறுவதற்கென்று சப்பாத்து வாங்கி, அது கடித்து, நாகப்பட்டினம் வரை அதைக் கையில் தூக்கிக்கொண்டே போனாராம். ஊரில் பெரும்பாலான நாள் உறவுக்காரர் வீட்டுப் பந்தியிலேயே கழிந்தது. எட்டே எட்டு நாள்தான் மூன்று பேரும் தனியாகச் சுற்றினார்கள். தஞ்சாவூரில் பெரிய கோயில் பார்த்தார்கள், போட்டோ பிடித்துக்கொண்டார்கள், நாகப்பட்டினத்துக் கடற்கரையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் எந்த வேலையும் இல்லாமல் புருசன் பக்கத்தில் உட்கார்ந்தது அந்த ஒரு பகல்தான் என்றார். அன்று அவர் கணவர் பாடினாராம். இந்த மனிதர் பாடினாரா என்று நான் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரில் இவர்கள் பேசிய தமிழைக் கேட்டு எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். காலையில் பசியாறியாச்சா என்று கேட்டால், எவ்வளவு நாளாகப் பட்டினி என்று திருப்பிக் கேட்டார்களாம். பிள்ளை சோற்றைப் பார்த்து, சாப்பிடுவதற்கு மலாயில் சொல்கிற மாதிரி 'மாக்கான்' என்றதும் தெருப்பிள்ளைகள் அதையே அவளுக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். "அப்ப எனக்கு அது வேடிக்கையா இருந்துச்சு ஐயா. ஒரு சொல்லு ஆளைக் கொல்லும்னு அப்பத் தெரியல" என்றார்.

லீவு முடிகிற நேரத்தில் கணவரின் அக்கா பிள்ளையைக் கேட்டிருக்கிறார். அவருக்குக் குழந்தை இல்லை. லயத்தில் பிள்ளைக்கு மாதம் தவறாமல் காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. ஊரில் நல்ல தண்ணீர், பள்ளிக்கூடம், பால்மாடு இருந்தது. இரண்டு வருடம் வைத்திருந்துவிட்டுத் திரும்ப அழைத்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள்.

"கப்பல்ல ஆறு நாளும் அவர்தான் அழுதார். நான் அழல. ரெண்டு பேரும் அழுதா பெட்டிய யாரு பாக்குறது?"

துறைமுகத்தில் இறங்கியதும் வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். நிழலில் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். அழுது அழுது சிவந்து வீங்கிய கண்ணோடு கணவர் போய் நின்றார். மேசைக்காரர் குனிந்த தலை நிமிராமல், "இவருக்கு என்ன, வருத்தமோ?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆறு நாள்ல எங்களை ஒரு மனுசன்கூட ஏன் அழறேன்னு கேக்கல ஐயா. இந்த ஆளு கேட்டாருன்னதும் எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. ஆமாங்க, ரொம்ப வருத்தம், ஆறு நாளா சோறு தண்ணி இல்லன்னு சொன்னேன். கும்பிட்டேன்னு நெனைக்கிறேன்."

எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். வேறு அர்த்தம் எங்களுக்குத் தோன்றவே தோன்றாது.

மேசைக்காரர் சீட்டில் நோய் என்று எழுதினார். கண் சிவந்திருந்ததால் கண்ணோய் என்று முடிவாகி, நோய்க்காரர்களை ஒதுக்கி வைக்கும் முகாமில், கண்ணோய்க்காரர்கள் கொட்டகையில் அவரைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அம்மாவை மற்றவர்களோடு ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள். கணவர் எங்கே இருக்கிறார், எப்போது வருவார் என்று சொல்ல ஆளில்லை. நாற்பது நாள் கழித்து அவர் தோட்டத்துக்கு நடந்து வந்தார். நல்ல கண்ணோடு போனவருக்கு அந்தக் கொட்டகையில் உண்மையான நோய் ஒட்டிக்கொண்டு, இடது கண் வெள்ளையாகிப் போயிருந்தது. வருத்தம் என்ற சொல்லுக்கு யாழ்ப்பாணத்து அர்த்தம் என்ன என்று பிறகு பெரிய கிராணியின் மனைவிதான் சொல்லியிருக்கிறார்.

"அந்த ஆளு மொகத்த நான் பாக்கல. கையைத்தான் பாத்தேன். பீச்சங்கையால எழுதினான். எம் புருசனோட கண்ண அந்தப் பீச்சங்கைதான் எழுதி எடுத்துச்சு" என்று முடித்தார்.

நான் எழுந்து உள்ளே போய் மருந்து அலமாரியைத் திறந்தேன். எடுக்க வேண்டியது எது என்று தெரியாமல் நின்றேன். அந்த ஆண்டு அந்தத் துறைமுகத்து மேசையில் வேலை பார்த்தவன் நான். என்னோடு இருந்த டிரெஸ்ஸர்களில் இடக்கையால் எழுதுகிறவன் நான் ஒருவன்தான். உண்மையைச் சொல்வதானால் எனக்கு அந்த அம்மாவை நினைவில்லை, அவர் கணவரையும் நினைவில்லை. ஒரு கப்பலுக்கு நூற்றுக்கணக்கான பேரை எழுதி அனுப்பினேன். நினைவில்லாமல் போனதுதான் எனக்கு இன்னும் பெரிய வெட்கமாக இருந்தது.

ஆனால் கணவருக்கு என்னை நினைவிருந்தது. முகாமில் தினமும் கொட்டகைக்கு மருந்தோடு போனவனும் நான்தானே. மறுநாள் பகலில் நான் புகைக்கொட்டகைக்குப் போனேன். அவர் தகடுகளைக் கொடியில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் தொடங்குவதற்குள் அவரே தொடங்கினார். அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வந்த அன்னைக்கே தெரியுங்க. அவகிட்ட சொல்ல வேணாம். சொன்னா உங்க கையால மருந்து வாங்க விடமாட்டா. எனக்கு இந்தக் கண்ணாவது வேணும்."

அதோடு திரும்பி வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை. அவருக்கு மருந்து வேண்டும், எனக்கு மானம் வேண்டும். இரண்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்து ஒரு பெண்ணிடம் ஒரு விஷயத்தை மறைத்தோம்.

அதுவரை சீட்டுகளை உள்ளே வைத்தே எழுதியிருந்தேன், அன்றிலிருந்து அந்த அம்மா எதிரில் நான் வலக்கையால் எழுதினேன். சீசாவில் ஒட்டுகிற சீட்டில் 'காலை', 'மாலை' என்ற நாலெழுத்து எழுத எனக்கு வியர்த்துக் கொட்டும். எழுத்து கோணலாக வரும். அவர் மேசையில் கையூன்றி நின்று பார்ப்பார். ஒரு தடவை, "படிச்சவங்க கையெழுத்து இப்படித்தான் இருக்குமாங்க?" என்று கேட்டார். கையில் வாதம் என்று பொய் சொன்னேன். மறுநாள் எனக்கு நொச்சி இலை கொண்டுவந்து கொடுத்தார். ஒத்தடத்துக்கென்று அவர் சொன்னபடி அதை அறைக்கு எடுத்துப்போனேன்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. இதற்கிடையில் கணவருக்கு லீவு வந்தது. அவர் எடுக்கவில்லை. அம்மா அந்தத் துறைமுக வரிசையில் மறுபடியும் போய் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பிள்ளையை வரவழைக்கலாம் என்றால் அவளும் அதே வரிசையில்தான் இறங்கவேண்டும், தனியாக. யாராவது ஏதாவது கேட்டு, பிள்ளை ஏதாவது சொல்லி, அதை அவர்கள் வேறு மாதிரி எழுதிவிட்டால் என்று அந்த அம்மா நினைத்து நினைத்தே ஏழு வருடத்தைக் கழித்துவிட்டார். தோட்டம் அவரைக் கேலி செய்தது. பெற்ற பிள்ளையைப் பார்க்கப் போகாத தாய் என்று முதுகுக்குப் பின்னால் பேசியது.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. பெரிய கிராணியிடம் கொண்டுபோனால் வேடிக்கை பேசுவார் என்று என்னிடம் கொண்டுவந்தார். நாத்தனார் எழுதியிருந்தார். பிள்ளைக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது, நல்ல இடத்திலிருந்து கேட்டு வந்திருக்கிறார்கள், தை பிறந்ததும் கல்யாணத்தை வைத்துக்கொள்வதாக இருக்கிறோம், உங்களை எதிர்பார்க்கவில்லை என்று இருந்தது. அம்மா கடைசி வரியை மறுபடியும் படிக்கச் சொன்னார்.

"எதிர்பார்க்கலன்னா, வர வேணாம்னு அர்த்தமா? வரமாட்டீங்கன்னு நெனச்சோம்னு அர்த்தமா?"

கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். அந்தத் தாளில் அதற்கு விடை இல்லை. தெரியவில்லை அம்மா என்றேன்.

"தெரியலன்னு சொன்ன மொத ஆளு நீங்கதாங்க ஐயா" என்று கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அன்று என் மேல் அவருக்கு ஒரு நம்பிக்கை வந்தது கண்கூடாகத் தெரிந்தது. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

பன்னிரண்டு வயதில் கல்யாணம் கூடாது, போய் நிறுத்தியே தீருவது, பிள்ளையைத் தன் கண்ணால் பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டார். துரை லீவு கொடுத்தார். மார்கழிக்குள் போகிற கப்பல் ஒன்றுதான் இருந்தது. அந்தப் பருவத்தில் எங்கோ அம்மை என்று சொல்லி, போகிற ஆட்களையும் துறைமுகத்தில் சோதித்துத்தான் ஏற்றினார்கள். நோய் இருக்கிறது என்று எழுதிவிட்டால் கப்பல் போய்விடும், கல்யாணம் நடந்துவிடும். துறைமுக மேசையில் இருந்தவர்கள் பெரும்பாலும் எங்கள் ஊர்க்காரர்கள். அந்தச் சோதனையில் என்னென்ன கேட்பார்கள், எந்தச் சொல்லால் கேட்பார்கள் என்று எல்லாவற்றையும் நான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வந்து உட்கார்ந்துவிட்டார்.

நாலு பகல் பொழுது சொன்னேன். சத்தி என்றால் வாந்தி. தடிமன் என்றால் சளி. குளிசை என்றால் மாத்திரை. அவர் ஒவ்வொன்றையும் என்னைக் கேட்கச் சொல்லிப் பதில் சொல்லிப் பார்த்தார். தவறினால் தலையில் தட்டிக்கொண்டு மறுபடியும் கேட்கச் சொன்னார். நாலாம் நாள் நான் முடிந்தது என்று எழுந்தபோது அவர் எழவில்லை.

"முக்கியமானத விட்டுட்டீங்களே."

வேறு வழியில்லாமல் அந்தச் சொல்லைச் சொன்னேன். வருத்தம் ஏதும் இருக்கோ என்று கேட்டால், நோய் ஏதும் இருக்கிறதா என்று அர்த்தம். இல்லை என்று சொல்லவேண்டும். அவர் பத்துத் தடவை என்னைக் கேட்க வைத்தார். பத்துத் தடவையும் "இல்லீங்க" என்றார். ஒரு தடவைகூடச் சொல் தவறவில்லை.

மறுநாள் இருவரும் நோயில்லை என்ற சீட்டு வாங்க வந்தார்கள். பேனாவை வலக்கையில் எடுத்தேன். என் கோணல் எழுத்தைப் பார்த்துத் துறைமுகத்தில் சந்தேகப்படுவார்களோ என்று ஒரு யோசனை வந்தது. அதற்காகத்தான் கையை மாற்றினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய். இரண்டு வருடமாக அந்த நொச்சி இலையின் மணம் என்னைத் தூங்க விடவில்லை. பேனாவை இடக்கைக்கு மாற்றி எழுதினேன். எழுத்து மளமளவென்று ஓடியது.

"வேணாங்கய்யா" என்றார் கணவர்.

அம்மா என் கையைப் பார்த்தார். நான் எழுதி முடிக்கிறவரை பார்த்தார். கத்துவார், சாபம் போடுவார், மேசையைத் தள்ளுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அன்னைக்கு ஏன் இன்னொரு தடவ கேக்கல?"

என்னிடம் காரணங்கள் இருந்தன. வெயில், வரிசை, பின்னால் நின்று அதட்டிய டாக்டர், அடுத்த படகு. அவர் முகத்தைப் பார்த்து அதில் எதையும் சொல்ல முடியவில்லை.

"அவசரம் அம்மா" என்றேன்.

அந்தச் சொல்லுக்கு மட்டும் அவர் என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை. கணவர் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரியுமா?" என்றார். அவர் தலையாட்டினார். அம்மா சீட்டை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். மூன்று நாள் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. லயத்தில் ஒருவரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை. திட்டு வாங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கப்பலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கணவர் மட்டும் வந்து சீட்டையும், வழிக்கு வேண்டிய கண் மருந்தையும் வாங்கிக்கொண்டார். வாசலில் நின்று, "ஐயாவையும் கப்பலடிக்கு அவ வரச் சொன்னா" என்றார். எதற்கு என்று கேட்டேன். சொல்லவில்லை என்றார்.

காலை ரயிலில் கிள்ளான் வரை போனோம். அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தார். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தும் என்னைப் பார்க்கவில்லை. கணவர் சப்பாத்துப் போட்டிருந்தார். அதே சப்பாத்தாகத்தான் இருக்கவேண்டும், தோல் வெடித்திருந்தது. துறைமுகத்தில் நான் மறந்துவிட நினைத்த அதே இடத்தில் அதே மாதிரி ஒரு மேசை. பின்னால் எங்கள் ஊர்க்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். இருபத்துநாலு, இருபத்தைந்து வயது இருக்கும். பென்சில் ஓடிக்கொண்டிருந்தது, தலை நிமிரவே இல்லை. நான் டிரெஸ்ஸர் என்று சொல்லி மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். கப்பலுக்குக் கொண்டுபோகிற படகு ஊதியது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள்.

இவர்கள் முறை வந்தது. அவன் சீட்டை வாங்கிப் பார்த்து ஓரமாக வைத்தான். கணவரின் வெள்ளைக் கண்ணை அரைப் பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தான்.

"வருத்தம் ஏதும் இருக்கோ?"

"இருக்குங்க" என்றார் அம்மா.

கணவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். அவன் பென்சிலை நாக்கில் தொட்டுத் தாளில் வைத்தான். நான் குனிந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இன்னொருக்கா கேளும் தம்பி."

"நேரமில்லை ஐயா. அவவே இருக்கெண்டு சொல்லுறா. விடுங்கோ."

"கேளும். நீர் கேட்கிற சொல்லுக்கு அவையின்ரை ஊரிலை வேறை அர்த்தம். கேட்காமல் எழுத விடமாட்டன்."

வரிசை முழுக்க எங்களைப் பார்த்தது. தள்ளி நின்ற சிப்பாய் ஒருவர் எங்களை நோக்கி நடந்து வரத் தொடங்கினார். அவன் சலித்துக்கொண்டு, சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டான். அம்மா இந்த முறை அவனைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"சீக்கு இல்ல தம்பி. ரெண்டு பேருக்கும் இல்ல. வருத்தந்தான் இருக்கு, ஏழு வருசமா. பெத்த புள்ளயப் பாக்கப் போறோம்."

அவன் தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தான். அந்த மேசையில் இருந்தபோது நான் யாரையும் ஒரு நாளும் பார்க்காத அளவுக்குப் பார்த்தான். பிறகு சீட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினான். கணவர் பெட்டியை எடுத்துக்கொண்டு படகை நோக்கி நடந்தார். அம்மா அவர் பின்னால் போனார். எனக்குக் கையசைக்கவில்லை, போய்வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

அந்தச் சொல்லை நாலாவது பகலில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்து, பத்துத் தடவையும் தவறாமல் பதில் சொன்னவர் அவர். பயத்தில் மறந்திருக்கலாம் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் இருக்குங்க என்று சொன்னபோது அவர் மேசைக்காரனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். ஏழு வருடமாகப் பார்க்காத மகளை அந்த ஒரு சொல்லின் மேல் பணயம் வைத்துவிட்டு, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.